இன்னொரு இலை

ஆவுடையக்கா குங்குமத் தட்டோடு நேராக அவளிடம் வந்து நின்றாள்.

கடைசி வரிசை. சுவர் ஓரம். அங்கே உட்காரச் சொன்னது அக்காவின் புருஷன்தான். செத்துப்போன தம்பியின் பெண்டாட்டியை வேறெங்கே உட்கார வைப்பார்? "மாப்பிள்ள வீட்டுக்காரங்க ஒரு மாதிரிம்மா. தப்பா நெனச்சுக்காத" என்று பல்லைக் காட்டினார்.

எழுந்து போயிருப்பாள். ஆனால் இன்று நிச்சயம் ஆகிற அக்கா மகள் கோகிலா அவள் மடியில் வளர்ந்த பெண். அதனால் உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துக்கோ" என்றாள் அக்கா.

தாலியில்லாத கழுத்துக்கு நேரே குங்குமம்.

பக்கத்திலிருந்த சொந்தக்காரிகள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அக்காவோடு கூடவே நடந்திருக்க வேண்டிய நாத்தனார் போட்டோவுக்கு நிற்கப் போயிருந்தாள்.

"தம்பி எங்க? வண்டி நிப்பாட்டப் போயிருக்கானா?" என்று கேட்டாள் அக்கா.

கொரோனாவில் ஒரே ஆஸ்பத்திரி. அடுத்தடுத்த கட்டில். மூக்கில் குழாயோடு அக்காவும் அந்தத் தம்பியும் கிடந்தார்கள். அவள் புருஷன் பொட்டலமாகக் கட்டப்பட்டு நேரே சுடுகாட்டுக்குப் போனான். அக்கா வீட்டுக்கு வந்தாள்.

வந்தது பாதி அக்கா.

பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். போட்ட உப்பையே மறுபடி போடுவாள். காரணமே இல்லாமல் குளியலறையில் உட்கார்ந்து அழுவாள். கொழுந்தன் இறந்ததைச் சொன்னால் மாரில் அடித்துக்கொள்வாள். கொஞ்ச நாளில், "தம்பி ஏன் வர்றதே இல்ல?" என்பாள். மறுபடியும் சொல்ல வேண்டும். மறுபடியும் அடித்துக்கொள்வாள்.

நோய் மூளையையும் தொட்டிருக்கிறது, மனநல டாக்டரிடமும் காட்டுங்கள் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே புருஷன் எழுந்து வந்துவிட்டார். "கொரோனா ஊர்ல எல்லாத்துக்குந்தான் வந்துச்சு. இவளுக்கு மட்டும் என்ன கேடு?" அதோடு முடிந்தது அவருடைய வைத்தியம்.

சம்பந்தி வீட்டாரிடம் மூச்சு விடவில்லை. பெற்றவளுக்குப் புத்தி பிசகு என்று தெரிந்தால் பெண்ணை யார் எடுப்பார்கள்? சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினால் போதும் என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

நீட்டிவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் அக்காவின் புருஷன் பாதி எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், நெஞ்சோடு கைகளைச் சேர்த்தார்.

அவங்க செத்தாச்சுக்கா.

இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவருடைய கௌரவம் சந்தி சிரித்துவிடும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

மேடையில் கோகிலா, கழுத்தில் மாலையோடு, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாக்கா. இப்ப வந்துருவாங்க."

அக்காவின் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பந்தியில் அக்கா அவளை இழுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டார் வரிசையிலேயே உட்கார வைத்தாள். பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொன்னாள். தண்ணீர் தெளித்துத் தானே துடைத்தாள். கூட்டு, பொரியல் எல்லாம் வைக்கச் சொல்லிவிட்டு, சோற்று வாளி வந்தபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"தம்பி வந்து உக்காரட்டும். ஆறிப்போனா தொடமாட்டான்."

அவள் தலையைக் குனிந்து சாப்பிட்டாள்.

அக்காவின் புருஷன் பந்தி விசாரித்துக்கொண்டே வந்தார். தம்பியின் இலை முன்னால் கால் நின்றுவிட்டது. எடுக்கச் சொல்லவும் முடியவில்லை. தாண்டிப் போகவும் முடியவில்லை.

அவள் நிமிர்ந்தாள்.

"அவங்களுக்கு வடை வைக்கலியே, அத்தான்."

வரிசை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள்.

அவர் வடைத் தட்டை வாங்கித் தன் கையாலேயே வைத்தார். வடை இலையை விட்டு உருண்டது. எடுத்து மறுபடி வைத்தார்.

மண்டபத்தில் ஒரே புழுக்கம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், நெற்றியை மட்டும் விட்டுவிட்டு.