தபாலாபீஸ் சுவரில் வெர்னர்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், ஒரு சின்ன ஊர்த் தபாலாபீஸ் சுவரில், அரசாங்கச் செலவில் அறுவடைக் காட்சி வரைந்துகொண்டிருந்தான் ஓவியன் லாய்ட்.

“தம்பி, அந்த நடு ஆளுக்கு எம்பையன் வெர்னர் மூஞ்சியைப் போடேன். வீட்டைவிட்டுப் போய் மூணு வருஷமாச்சு. ஸ்டாம்பு வாங்க வரும்போதாவது பாத்துக்குவேன்,” என்றாள் ஹுல்டா.

“போட்டோ இருக்கா?”

“ஒண்ணுகூட இல்ல. நான் சொல்றேன், நீ வரை.”

ஒரு வாரம் ஏணியடியிலேயே நின்று மூக்கைத் திருத்தினாள், தாடைத் தழும்பைத் திருத்தினாள். “அவனேதான்!” என்று அழுதாள்.

ஷெரீஃப் அந்த முகத்தைப் போட்டோ எடுத்துப்போனார். மறுவாரம் நோட்டீஸாக அச்சடித்து, ஓவியத்துக்குக் கீழேயே ஒட்டினார்: ‘கொலைகாரன். தேடப்படுகிறான்.’

“நாங்க சோதனை போட வர்றதுக்குள்ள அத்தனை போட்டோவையும் எரிச்சுட்டீங்களேம்மா!” என்றார் ஹுல்டாவிடம். “இனிமே எந்த ஊர்த் தபாலாபீஸுக்குப் போனாலும் உங்க பையனைப் பாக்கலாம்.”