வெண்ணெய் தடவிய மாத்திரை

“உனக்கு மட்டும் மாத்திரை, எனக்கு மட்டும் மத்தி மீனா?” என்று செம்பி நாய் தினம் குரைப்பதையே அன்றும் குரைத்தது.

“எனக்கு மீன் ஒத்துக்காதுடி. உன் மீன்ல இருக்கற செலினியம்ங்கற சத்துதான் எனக்கு மாத்திரையா வருது” என்றது வெள்ளை நாய் டாலி.

“அப்ப ஏன் உனக்கு மட்டும் வெண்ணெய் தடவி, கன்னத்தைப் பிடிச்சுக் கொஞ்சி ஊட்டறாங்க? எனக்குத் தட்டுல வீசிட்டுப் போறாங்களே!”

டாலி திரும்பிப் படுத்துக்கொண்டது. கொஞ்சலைப் பங்கு போட யாருக்கு மனசு வரும்?

இரண்டையும் வளர்க்கும் ஸ்டெல்லாம்மா கடைக்குப் போன நேரத்தில் செம்பி மாத்திரை டப்பாவைக் கடித்து உடைத்து, அத்தனை மாத்திரையையும் விழுங்கியது. சாயங்காலமே வாந்தி, தள்ளாட்டம், வாயில் பூண்டு நாற்றம்.

“துளியூண்டு போனாத்தான் இது மருந்து. இவ்வளவு போனா விஷம்” என்று திட்டிக்கொண்டே டாக்டர் ஊசி போட்டார். பிழைத்துவிடும் என்றார்.

இரண்டு நாளாகச் செம்பியின் தலை ஸ்டெல்லாம்மா மடியில்தான். “என் ராஜாத்தி, ஒரு வாய் கஞ்சி குடிடி” என்று கன்னத்தைத் தடவித் தடவி ஊட்டினாள். செம்பி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

டாலி உடைந்த டப்பாவை மோந்து பார்த்தது. கட்டிலுக்கு அடியில் தேடியது. பிறகு மடியருகே வந்து நின்றது.

“செம்பி, ஒரு பத்து மாத்திரையாவது மிச்சம் வச்சிருந்தா எனக்குக் குடேன்.”