முகமூடிக்குச் சொந்தக்காரர்

பன்னிரண்டு மணி பஸ்ஸில் வயிரவன் வந்துவிடுவான். அதற்குள் அத்தா கடைக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த ரஹீமாவுக்கு, இன்று வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளைப் பெற்ற மீரான் சாகிபு ஜும்ஆ தொழாமல் பள்ளத்தூரைவிட்டு நகர மாட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்று, தபாலில் வந்திருந்த கார்டை மறுபடியும் படித்தாள். "சாதிக் அலிக்கு. நீ எழுதிய அந்த ஒரு வரிக்குக் கடிதத்தில் பதில் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன். வயிரவன், கீழச்சிவல்பட்டி."

சாதிக் அலி அவளுடைய அண்ணன். பினாங்குக்குப் போய் மூன்று வருடமாகிறது. அவன் பெயரைப் போட்டுச் சித்திரக்கதைப் புத்தகத்தின் வாசகர் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்த பெண். ஊர்பேர் தெரியாத ஓர் ஆணோடு அச்சில் வாய்ச்சண்டை போடுகிறாள் என்று தெரிந்தால், எழுதி அரிசிப்பானைக்குள் ஒளித்து வைத்திருக்கும் மூன்று நோட்டுகளும் அடுப்புக்குப் போய்விடும். அதோடு விட்டால் அவள் அதிர்ஷ்டம்.

சண்டை அந்தச் சித்திரக்கதையின் நாயகன் பருந்துமுகனைப் பற்றியது. முதல் பருந்துமுகன் எரிகிற கப்பலோடு கடலில் போனான். கரை ஒதுங்கிய முகமூடியை வேறு யாரோ எடுத்து மாட்டிக்கொள்ள, கதை தொடர்ந்தது. இருவரில் யார் உண்மையான பருந்துமுகன் என்று வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

முதலில் வயிரவனும் அவள் கட்சிதான். 'கப்பலோடு பருந்துமுகனும் முடிந்தான், இவன் யார்?' என்று கேட்டதே அவன்தான். மாசி மாதத்திலிருந்து திடீரென்று கட்சி மாறி, இரண்டாவது ஆளுக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தான்.

அந்தக் கோபத்தில்தான் போன இதழில் அவள் எழுதினாள்: 'செத்தவன் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டவன் திருடன்.' கீழே சாதிக் அலி என்ற பெயரும், பள்ளத்தூர் வீட்டு விலாசமும் முழுசாக அச்சாகியிருந்தன.

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம்.

"சாதிக் அலி வீடு இதுதானே?"

பெண் குரல். கதவு இடுக்கில் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது. கையில் ஒரு துணிப்பை.

"ஆமா, நான் அவனோட அத்தா. நீங்க?" என்றார் மீரான் சாகிபு.

"கீழச்சிவல்பட்டிலருந்து வாரேன். பேரு தேனம்மை. வயிரவனைப் பெத்தவ."

ரஹீமாவுக்குப் புரிந்துவிட்டது. தான் வராமல் பெற்றவளை அனுப்பியிருக்கிறான். வீட்டுப் பெரியவர்களிடமே பிராது சொல்லத்தான்.

"உள்ள வாங்க ஆச்சி, உக்காருங்க. சாதிக்கு பினாங்குலயில்ல இருக்கான்?"

"பினாங்குலயா? எம்புட்டு நாளா?"

"மூணு வருசமாச்சு. ஏன் ஆச்சி, பய எதுவும் தப்புத்தண்டா பண்ணிட்டானா?"

ஆச்சி பையைத் திறந்து ஒரு புத்தகத்தை வெளியே இழுத்தாள். அட்டையில் பருந்துமுகன் பறந்துகொண்டிருந்தான்.

"இதென்ன, சின்னப் புள்ளைக படிக்கிறதால்ல இருக்கு?" மீரான் சாகிபு கையை நீட்டினார்.

ஆச்சியின் பார்வை கதவுப் பக்கம் திரும்பியது. கதவின் விளிம்பைப் பிடித்திருந்த ரஹீமாவின் விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீல மைக்கறை. ரஹீமா கையை இழுத்துக்கொள்வதற்குள் ஆச்சி பார்த்துவிட்டாள்.

புத்தகம் பைக்குள் திரும்பிப் போனது.

"பஸ்ஸுல பொழுது போகட்டும்னு வாங்குனேன். நான் தேடி வந்த சாதிக் அலி வேற ஆளு போலருக்கு. ஒரு பேருல ரெண்டு பேரு இருக்கப்படாதா?"

"ரெண்டா? எங்க தெருவுலயே மூணு சாதிக் அலி இருக்கான். அதுல ஒருத்தன் எனக்குக் கைமாத்து தரணும், அவனைப் பாத்தா இங்குட்டு அனுப்பிவிடுங்க" என்று அத்தா சிரித்தார்.

பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ரஹீமா, ஆச்சிக்கு மோர் குடு. வெயில்ல வந்திருக்காக."

அவர் தலை மறைந்ததும் ரஹீமா மோரைக் கொண்டுவந்தாள். டம்ளர் ஆடி, பாதி தரையில் சிந்தியது.

"நீதானா அந்தச் சாதிக் அலி?"

ரஹீமாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அத்தாகிட்ட சொல்லிராதீக ஆச்சி. நோட்டையெல்லாம் எரிச்சுப்புடுவாக. நான் எழுதுனது தப்புன்னு வயிரவன் அண்ணன்கிட்ட சொல்லிருங்க. இனிமே அப்படி எழுதவே மாட்டேன்."

ஆச்சி மிச்சமிருந்த மோரைக் குடித்து முடித்தாள்.

"அவன்கிட்ட எப்படிச் சொல்ல? தை மாசம் காச்சல்ல போயிட்டானே."

ரஹீமாவின் அழுகை அப்படியே நின்றது. "தையிலயா? அப்ப மாசியிலருந்து எழுதுனது? எனக்குக் கார்டு போட்டது?"

ஆச்சி புத்தகத்தை எடுத்து வாசகர் பக்கத்தைப் பிரித்தாள். ரஹீமா எழுதிய அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"நான் திருடலை, ஆத்தா."