ஒரே கதை

ரத்தோட்டை அநாதை இல்லத்தில் மூடுபனியால் பிற்பகலிலேயே இருட்டுகிறது. மண்டபத்துத் தொலைக்காட்சியில் முகமூடி வீரனொருவன் பறக்கிறான். படக் கசெட்டைக் கொண்டுவந்த ஹெர்பர்ட் மாஸ்டர் சிரிக்கிறார். "வீரனுக்கும் அப்பா அம்மா இல்ல, வில்லனுக்கும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே கதைன்னா நம்புற மாதிரியா இருக்கு?" சிறுமிகள் சிரிக்கவில்லை. வெளியே ஜீப்பொன்று உறுமியபடி வந்து நிற்கிறது. மதலேனா பக்கத்திலிருக்கும் டொறீனின் கையைப் பற்றுகிறாள். "எங்க வீட்டு வாசல்லயும் இப்புடித்தான் வந்து நின்னுச்சு. அப்பா அம்மாவ ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க." "எங்க வீட்லயும்," என்கிறாள் டொறீன். மாஸ்டர் பதறிப்போய்த் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் திரும்புகிறார். பெஞ்சுகளில் ஒருவருமில்லை. யாரும் சொல்லாமலே அத்தனை பிள்ளைகளும் சத்தமின்றிப் பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்துவிட்டார்கள். ஜீப் திரும்பிப் போன பிறகும் ஒருத்தியும் வெளியே வரவில்லை. மாஸ்டரும் அவர்களருகே தரையில் உட்காருகிறார்.