சதுப்புக்கு முதல் பந்தி

மழை மலையை மறந்த பிறகு அங்கே ஒரு சட்டம் வந்தது: சதுப்பு குடித்த பிறகுதான் மனிதர்கள் குடிக்க வேண்டும். சதுப்புக்குக் காவல்காரரான மாசிலாமணி, மகள் கல்யாணத்துக்காக ஒரே ஒரு நாள் அதன் பங்குத் தண்ணீரைச் சமையலுக்குத் திருப்பிவிட்டார். வாயில்லாதது, யாரிடம் போய்ச் சொல்லும் என்று நினைத்தார்.

அது புகையாகச் சொன்னது. தாலி கட்டி முடித்ததும், பந்தலுக்குப் பின்னால் சதுப்பின் பாசி வெளுத்த இடத்தில் தரை புகைந்தது. காய்ந்த சதுப்பில் மண்ணே கரியைப்போலக் கனலும். விட்டால் ஊரே அடியிலிருந்து வெந்துவிடும்.

மாசிலாமணி பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரசத் தவலையைத் தூக்கினார். சமையல்காரன் பிச்சைமணி ஓடிவந்து மறித்தான்.

"அண்ணே, உப்புண்ணே! மிச்சமிருக்கிற பாசியும் செத்துப்போகும். அண்டாத் தண்ணிய எடுங்க!"

"அது சம்பந்தி வீட்டுக்கு வச்ச குடிதண்ணிடா. என் மானம் என்ன ஆகுறது?"

அதற்குள் அண்டாவின் ஒரு காதை வளையல் போட்ட கை பிடித்தது. மாப்பிள்ளையின் அம்மா விசாலம்.

"தூக்குங்க சம்பந்தி. கீழ எங்க ஆத்துல வர்றதே இங்க ஊறுற தண்ணிதானே? மானத்த அப்புறம் பாத்துக்கலாம்."

மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் குடத்தோடு ஓடினார்கள். புகை அடங்கியபோது கைகழுவக்கூட ஒரு சொட்டு மிச்சமில்லை.

இலையில் தண்ணீர் தெளிக்காமல், முந்தானையால் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாசிலாமணிக்கு முதல் கவளத்திலேயே விக்கல் எடுத்தது. விசாலம் ஒரு டம்ளர் ரசத்தை நீட்டினார்.

"குடிங்க. இதுதான் சதுப்புக்கு ஆகாதாமே."