உண்டியலில் போட்டது

“தவறி விழுந்துடுச்சா?” என்று கேட்டார் செயல் அலுவலர் சங்கீதா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

தடுக்கி விழுந்தால் ஒரு கோயில் இருக்கும் காஞ்சிபுரத்தில், உண்டியல் திறக்கிற நாளன்று இப்படி யாராவது வந்து நிற்பது வழக்கம்தான். சட்டைப் பையிலிருந்து செல்போன் விழுந்தது, விரலிலிருந்து மோதிரம் நழுவியது என்று அவரும் ஆயிரம் கதை கேட்டாயிற்று.

“விழலம்மா. நானேதான் போட்டேன்.”

சங்கீதா இப்போது நிமிர்ந்தார். வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கதிர்வேல், பட்டு நெசவு, முசரவாக்கம் என்று மனுவில் எழுதியிருந்தது. மழித்த தலையில் முடி இப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது.

“சாமிக்குப் போட்டுட்டுத் திருப்பிக் கேக்குற முதல் ஆள் நீங்கதான் ஐயா. மொட்டையெல்லாம் போட்டிருக்கீங்க. வேண்டுதல் முடிஞ்சுதா?”

“முடிஞ்சிதும்மா.”

“அப்புறம் என்ன? உண்டியல்ல விழுந்த பொருளைத் தர எனக்கு அதிகாரம் கிடையாது.”

“தர வேணாம்மா. அஞ்சே நிமிசம் இங்கியே வெச்சிப் பாத்துட்டு உங்க கையிலியே குடுத்துடறேன். ஆற்காட்டுல ஒரு பொண்ணு என் சம்சாரத்தைத் தேடிக்கினு இருக்குது. அதுக்கு ஒரு சேதி சொல்லணும்.”

அந்தக் குரல் சங்கீதாவை என்னவோ செய்தது. ஊழியர் மணிவண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார். சில்லறைக்கு நடுவே கிடந்த மஞ்சள் துணி முடிச்சு ஒன்று மேசைக்கு வந்தது. அவிழ்த்தால், ஒரு செல்போன். கூடவே இரண்டு அட்டை மாத்திரை.

“இது என்ன கூத்து? மாத்திரையை யாராவது உண்டியல்ல போடுவாங்களா?”

“படபடப்புக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்ததும்மா. ஆறு வருசமா முழுங்கிக்கினு இருந்தா என் சம்சாரம், இளவரசி. அப்புறம் அதை உட முடியல. அவளாட்டம் மாட்டிக்கினவங்க சேந்து போன்ல ஒரு குழு வெச்சிக்கினு இருக்காங்களாம். ஒருத்தருக்கொருத்தர் தைரியம் சொல்லி, அந்த மாத்திரையில இருந்து வெளிய வராங்களாம். எனக்கு அதெல்லாம் தெரியல. எந்நேரமும் கையில போனு. மாத்திரையை பிளேடால சுரண்டி, ஜரிகைத் தராசுல வெச்சி நிறுக்கறா. பைத்தியம் முத்திப்போச்சின்னு நெனச்சிட்டேன்.”

“எதுக்கு எடை போட்டாங்க?”

“வாரத்துக்குக் கடுகளவு குறைக்கிறதுக்காம். நான் எங்க கேட்டேன்? ரெண்டு சனியனையும் மஞ்சத் துணியில முடிஞ்சி, இவளுக்கு நல்ல புத்தி குடு சாமின்னு வேண்டிக்கினு போட்டுட்டு வந்தேன். மூணு வாரம் ஆச்சி. வீட்டுக்குப் போய்ச் சொன்னா, அழறா. மாத்திரைக்கு அழலம்மா. அஞ்சும் என்னைக் காணாம பயந்துக்குமேன்னு அழுதா. அஞ்சும்ங்கறது அந்த ஆற்காட்டுப் பொண்ணு பேரு, அதே குழுவுல இருக்குது. உண்டியல்ல போட்டது போட்டதுதான், இனிமே ஒரு மாத்திரை வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுட்டேன்.”

பெண்டாட்டி அழும்போதுதான் சில ஆண்களுக்குப் பக்தி பொங்கும். சங்கீதா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

“சரி, மாத்திரையை விட்டுட்டாங்களா?”

“நாலே நாள்ல எல்லாத்தையும் விட்டுட்டா.”

“பாத்தீங்களா! சாமி கைவிடல” என்று சிரித்தார் சங்கீதா. இந்த வேலைக்கு வந்த பிறகு நல்ல சேதி காதில் விழுவதே அபூர்வம். அவருக்கும் கொஞ்சம் மனம் குளிர்ந்தது.

மணிவண்ணன் சார்ஜரைச் செருகினான். கொஞ்ச நேரத்தில் போன் உயிர்பெற்று, மேசை அதிர அதிர ஒலித்தது. மூன்று வாரச் சேதிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

கதிர்வேல் அதைத் தொடவில்லை. “நீங்களே படிம்மா. எனக்குக் கை வரல.”

எல்லாம் அஞ்சும் அனுப்பியவை. சங்கீதா முதலிலிருந்து படித்தார்.

‘அக்கா, ஏன் ரெண்டு நாளா காணோம்?’

‘அக்கா, உங்களை நம்பித்தானே நான் குறைக்க ஆரம்பிச்சேன்? ராத்திரியெல்லாம் உடம்பு நடுங்குது. ஒரு வார்த்தை பேசுங்க.’

‘என்ன கஷ்டம் வந்தாலும் ஒரேயடியா நிறுத்திடாதீங்க அக்கா. வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்துன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?’

கதிர்வேல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசிச் சேதி நேற்று வந்திருந்தது. ‘உங்களாலயே முடியலைன்னா என்னால எப்படி முடியும்? நாளைல இருந்து பழையபடி முழு மாத்திரைக்கே போயிடறேன்.’

“எழுதும்மா” என்றார் கதிர்வேல் அவசரமாக. “அஞ்சும், பயந்துக்காத. நான் நல்லா இருக்கேன். டாக்டரைக் கேட்டுக்கினு கொஞ்சங்கொஞ்சமாவே குறை. நடுவுல உட்டுடாத. உன்னால முடியும். இப்படிக்கு, இளவரசி அக்கா.”

வேகமாகத் தட்டிக்கொண்டே வந்த சங்கீதாவின் விரல் அந்தப் பெயரில் நின்றது.

“அவங்க பேர்ல நாம எதுக்கு எழுதணும்? ஒரு ஆட்டோ பிடிச்சுப் போய் அவங்களையே கூட்டிட்டு வாங்க. ரெண்டு வார்த்தை அவங்க வாயால பேசட்டும். அந்தப் பொண்ணு எவ்வளவு சந்தோஷப்படும்!”

கதிர்வேல் தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

“இது வேண்டுதல் மொட்டை இல்லம்மா.”