பதில் சொல்ல வந்தவர்

சிதம்பரம் பேருந்தில் ஏறியதிலிருந்தே காத்தவராயனுக்கு உள்ளங்கை வியர்த்தது. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு மூன்று மாதமாகிவிட்டது. இன்றைய நினைவாற்றல் சோதனை நல்லபடியாக அமைந்தால்தான் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்ப முடியும்.

"பயப்படாத மாமா. இதுல பாஸு, ஃபெயிலெல்லாம் கெடையாதாம்," என்றாள் மனைவி எழிலரசி.

"ராத்திரி பூரா கண்ணே மூடல புள்ள."

"நல்லா தூங்கிட்டு வரச் சொன்னாங்களே!" என்று அவள் சிரித்தாள்.

மருத்துவமனையில் உளவியலாளர் அம்மையார் நிதானமாகச் சொன்னார்: "அஞ்சு வார்த்த சொல்றேன், அப்புறமா கேப்பேன். படகு, மல்லி, சாவி, குதிரை, பாலம்."

கட்டை அடுக்குவதும் கணக்குப் போடுவதும் முடிந்த பிறகு, "இப்ப அந்த வார்த்தைங்கள சொல்லுங்க," என்றார்.

காத்தவராயன் முந்திக்கொண்டார். "படகு... சாவி... அப்புறம்... பூனை?"

உளவியலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், எதக் கேட்டாலும் ஊட்டுக்காரம்மாவுக்குப் பதிலா நீங்களே சொல்றீங்க. அடிபட்டது அவுங்களுக்குத்தானே?"

எழிலரசி ஐந்தையும் வரிசை பிசகாமல் சொன்னாள்.

"அடுத்த வாரமே பாடம் நடத்தப் போலாம் டீச்சர்," என்ற உளவியலாளர், காத்தவராயனைக் கவலையோடு பார்த்தார்.

"அவருக்கு ஒண்ணுமில்ல மேடம்," என்றாள் எழிலரசி. "தாலி கட்டுறப்பவே எம் பேரு என்னான்னு கேட்டவரு."